துவைக்கும் பொறியைத் துவைப்பவர் யார்?

உடை தூயதாயிருத்தல் வேண்டுமென்பதில் நம்மவர்க்குள் இருவேறு கருத்தில்லை. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்னும் பழமொழியைக் கேளாது வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் மிகச் சிலரே. ஆயின், கசக்கும் கையே அழுக்குடையதாயின் கந்தையின் நிலை யாதாம்? முற்காலத்தில் இவ்வினா எழவில்லை. எழவேண்டிய தேவையும் இருந்ததில்லை. இக்காலத்திலோ துணியைக் கசக்கும் தொழில் கையினின்றும் நீங்கிப் பொறியினிடம் சென்றுவிட்டமையின், இவ்வினா நம் வீடுகளிலும் விடுதிகளிலும் எழுந்து விடையின்றி நிற்கின்றது. சலவை இயந்திரம் என்றும் வாஷிங் மெஷின் என்றும் வழங்கும் இப்பொறியைத் துப்புரவு செய்து பேணுதல் யாருடைய கடமை, அக்கடமையை எங்ஙனம் ஆற்றுவது என்பன பற்றி எம் கருத்தை நம் கல்லூரி மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் பழைய மாணவர்க்கும் விண்ணப்பித்துக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'இஃதும் ஒரு பொருளாமோ? கல்லூரி மலரில் எழுதுதற்கு இதனினும் உயர்ந்த பொருள்கள் எத்துணையோ உளவே!' என நண்பர் சிலர் நகைத்தல் கூடும். அவர்க்கு யாம் கூறும் விடை இதுவே. வன்னீரைக் காய்ச்சினால் சுண்ணாம்பு படியுமெனத் தேர்வில் எழுதி நிறைந்த மதிப்பெண் பெறும் மாணவர், தம் வீட்டுச் சலவை இயந்திரத்தினுள் அச்சுண்ணாம்பே படிந்து கிடப்பதை அறியாராயின், அவர் கற்ற கல்வி ஏட்டளவில் நின்றதேயன்றி வீட்டளவிற்கு வந்ததாகாது. வேதியியற் கூடத்தில் மட்டுமன்றிக் கொல்லைப்புறத்திலும் அறிவியல் வாழ்தல் வேண்டும்.

நம் முன்னோர் துணி வெளுத்த முறையை ஈண்டு நினைவுகூர்தல் நலம். ஆற்றங்கரையிலும் கிணற்றடியிலும் துவைகல் கிடந்தது. வண்ணார் பெருமக்கள் உவர்மண் இட்டு ஊறவைத்து, வெள்ளாவி வைத்து, நீரில் அடித்து அலசி, வெயிலில் விரித்தனர். அத்தொழிலின் கடுமையை யாம் மறந்தோமல்லோம். அதனை மீண்டும் ஒருவர் தலைமேற் சுமத்த வேண்டுமென்பதும் எம் கருத்தன்று. நாம் நோக்கற்பாலது ஒன்றே: அக்கல்லைத் தூய்மை செய்யத் தனியே ஒருவர் வேண்டப்படவில்லை. கல்லின்மேல் எஞ்சிய சவர்க்காரத்தை ஒரு குடம் நீர் போக்கிற்று. எஞ்சிய ஈரத்தை ஞாயிறு போக்கிற்று. காற்றும் வெயிலும் கூலி வாங்காத பணியாட்களாய் நின்றன.

பொறியின் வரலாறோ வேறு. ஜெர்மனி நாட்டு ரேகன்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த யாக்கோபு கிறிஸ்தியான் ஷேபர் என்னும் குருவானவர், செடியினங்களையும் பூச்சியினங்களையும் ஆராய்ந்த பேரறிஞர், 1760களில் சலவைப் பொறியொன்றன் அமைப்பை விளக்கி ஒரு நூல் வெளியிட்டார். அதன்பின் பல கைகள் பல மாற்றங்களைச் செய்தன. 1937ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டுப் பெண்டிக்ஸ் நிறுவனத்தார், துவைத்தல், அலசுதல், பிழிதல் ஆகிய மூன்றையும் தானே அடுத்தடுத்துச் செய்யும் வீட்டு இயந்திரத்தை விற்பனைக்குக் கொணர்ந்தனர். அஃது அதிர்ந்து நகராவண்ணம் தரையோடு திருகாணியிட்டுப் பிணிக்க வேண்டியிருந்தது. இன்று நம் வீடுகளில் நிற்பவை அதன் வழித்தோன்றல்களே. துவைகல் செய்யாத வேலையை இவை செய்கின்றன. ஆயின் துவைகல்லுக்கு இல்லாத குறையொன்றும் இவற்றிற்கு உண்டு. துவைகல் திறந்தது, இயந்திரம் மூடியது. உள்ளே இருள், ஈரம், வெதுவெதுப்பு, எஞ்சிய சவர்க்காரம், நம் உடலினின்றும் கழிந்த எண்ணெயும் வியர்வையும், நைந்த நூலின் பஞ்சு ஆகிய அனைத்தும் ஒருங்கே கூடுகின்றன. நுண்ணுயிர்கள் குடியேறுதற்கு இதனினும் ஏற்ற இடத்தை நாம் முயன்றும் அமைத்தல் அரிது.

'சவர்க்காரமும் நீரும் நாள்தோறும் புழங்குமிடம் அழுக்காதல் எங்ஙனம்?' என்பதே பலருடைய மயக்கம். தூய்மை செய்யும் பொருள் தானும் தூயதாகவே இருக்கும் என்று அவர் நம்புகின்றனர். தரையைத் துடைத்த துணியையும், பாத்திரம் துலக்கிய நாரையும் நோக்குவார்க்கு இம்மயக்கம் நீங்கும். துவைத்து உலர்த்திய துணியில் நனைந்த கந்தையின் நாற்றம் வீசுவதை நம்மில் பலர் உணர்ந்திருப்பர். அந்நாற்றத்தைப் பிறப்பிப்பதில் மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்னும் நுண்ணுயிர்க்குப் பெரும்பங்கு உண்டென ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2012ஆம் ஆண்டில் கண்டு வெளியிட்டனர். அந்நாற்றத்தை நறுமணத் திரவத்தால் மறைப்பது, புண்ணைக் கழுவாது பட்டுத் துணியால் மூடுவதை ஒக்கும்.

நாற்றத்தினும் பெரிய செய்தியொன்று உண்டு. ஜெர்மனியின் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் 2012 ஏப்ரல் முதல் 2013 மே வரை, பிறந்து சில வாரங்களே ஆன 13 மகவுகளிடத்தும் வேறொரு குழந்தையினிடத்தும், மருந்துகள் பலவற்றிற்கு அடங்காத கிளெப்சியெல்லா ஆக்சிடோகா என்னும் நுண்ணுயிர் காணப்பட்டது. அதன் பிறப்பிடம் முதலில் விளங்கவில்லை. ஆராய்ந்து பார்த்தபோது, அம்மகவுகளின் பின்னல் தொப்பிகளையும் காலுறைகளையும் துவைத்த வீட்டுவகைச் சலவை இயந்திரத்தின் சோப்புப் பெட்டியிலும் கதவின் ரப்பர் வளையத்திலும் அந்நுண்ணுயிரே குடியிருத்தல் புலனாயிற்று. நற்பேறாக அம்மகவுகள் நோய்வாய்ப்படவில்லை. இயந்திரம் அகற்றப்பட்டது, பரவுதலும் நின்றது. இவ்வாராய்ச்சி 2019இல் வெளிவந்தது. நல்லுடலோடு வாழ்வார் இதனால் நடுங்க வேண்டுவதில்லை. ஆயின் நம் இல்லங்களிலும் பச்சிளங்குழவிகளும், நோயுற்றாரும், மூத்தோரும் உளர். அவர் அணியும் துணியும் நாம் பேணாத அப்பொறியினின்றே வருகின்றது என்பதை மறத்தல் தகாது.

இனி, கேடு விளைப்பனவற்றை ஆராய்வாம். அவற்றுள் தலையாயது சவர்க்காரத்தை அளவின்றிப் பெய்தல். நுரை மிகுந்தால் அழுக்கு அகலும் என்பது கையால் துவைத்த காலத்து நம்பிக்கை. முன்கதவுடைய இயந்திரத்தில் துணிகள் டிரம்மினால் மேலே தூக்கப்பெற்று மீண்டும் நீரில் விழுதலாலேயே அழுக்கு நீங்குகின்றது. நுரை மிகுமாயின் அது மெத்தைபோல் நின்று அவ்வீழ்ச்சியின் வலியைக் குறைத்துவிடும். அலசும் நீர் மிகுந்த சவர்க்காரம் முழுவதையும் கொண்டுபோக மாட்டாது. எஞ்சியது தொட்டியின் புறச்சுவரில் பசையாய் ஒட்டி, அழுக்கைப் பற்றி, நுண்ணுயிர்க்கு உணவாகின்றது. கைத்துவைப்புக்கென விற்கும் பொடியை இவ்வியந்திரத்திற் பெய்தல் பிழை. குறைந்த நுரையுடைய அதற்குரிய பொடியையே, பொட்டலத்திற் கண்ட அளவிற் பெய்தல் வேண்டும்.

இரண்டாவது, வன்னீர். ஆழ்துளைக் கிணற்று நீரையே நம் ஊர்கள் பல நம்பியுள்ளன. குடிநீரின் கடினத்தன்மை லிட்டர் ஒன்றுக்கு 200 மில்லிகிராமுக்கு உட்பட்டிருத்தல் நன்றென்றும், வேறு நீர் கிடையாவிடத்து 600 வரை பொறுக்கலாமென்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 2012ஆம் ஆண்டு விதி கூறும். அந்நீரிற் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட், வெப்பம் பட்டவுடன் கரியமிலவாயுவை விட்டுக் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறுகின்றது. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாய்ப் படிவது அதுவே. இயந்திரத்தின் வெப்பமூட்டும் கம்பியின்மேல் ஓடுபோற் படிவதும் அதுவே. ஓடு தடித்த கம்பி நீரைச் சூடாக்க மிகுந்த நேரமும் மின்சாரமும் கொள்கின்றது. நாளடைவில் எரிந்தும் போகின்றது.

மூன்றாவது, நம் பழக்கங்கள். சட்டைப்பையைச் சோதியாது இடுதலால் நாணயமும், பேருந்துச் சீட்டும், ஊக்கும், கொண்டை ஊசியும் உட்செல்கின்றன. தலையணை உறையின் தேங்காயெண்ணெயும், கஞ்சி போட்ட வேட்டியின் பசையும் தொட்டியில் தங்குகின்றன. துணியை இடமின்றித் திணித்தலும் தீங்கே. டிரம்மின் மேற்புறத்தில் ஒரு கை நுழையும் இடமேனும் இருத்தல் வேண்டும். நான்காவது, துணியை எடுத்தவுடன் கதவை இறுக மூடுதல். இதனால் ஈரம் சிறைப்படுகின்றது. இயந்திரத்தின்மேல் உறையிட்டு அழகு பார்க்கும் இல்லத்தார், அவ்வுறைக்குள்ளே கருநிறப் பூஞ்சையை வளர்க்கின்றனர்.

இவற்றிற்கு மாற்று யாது? அரிய கருவியோ பெரும்பொருளோ வேண்டுவதில்லை. முறை ஒன்றே வேண்டுவது. நாள்தோறும் செய்யத்தக்கவை மூன்று: சலவை முடிந்தவுடன் துணியை வெளியே எடுத்தல், ரப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் விரித்து, உள்ளே நிற்கும் நீரையும் பஞ்சையும் உலர்ந்த துணியால் துடைத்தல், கதவையும் சோப்புப் பெட்டியையும் சிறிது திறந்துவைத்தல். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், அவர்கள் உள்ளே புகாவண்ணம் கண்காணித்தலும், சுவரிலுள்ள மின்விசையை நிறுத்தி வைத்தலும் இன்றியமையாதன. வாரம் ஒருமுறை சோப்புப் பெட்டியைக் கழற்றி, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுக. அது நுழையும் குழியையும் துடைத்திடுக.

திங்கள் ஒருமுறை செய்யத்தக்கது வடிகட்டியைக் கழுவுதல். முன்கதவு இயந்திரங்கள் பலவற்றின் கீழ்மூலையில் ஒரு சிறு மூடி உண்டு. அதனுள்ளே நீரை வெளியேற்றும் பம்பைக் காக்கும் வடிகட்டி இருக்கின்றது. மின்விசையை நிறுத்திச் செருகியைப் பிடுங்கியபின், உள்ளிருக்கும் நீர் ஆறியதா எனத் தெளிந்து, தாழ்ந்த தட்டொன்றை வைத்து, மெல்லத் திருகித் திறக்க வேண்டும். அங்கே கிடைக்கும் நாணயமும் பொத்தானும் மயிர்ச்சுருளும் காண்பார்க்கு வியப்பளிக்கும். 'தண்ணீர் வெளியேறவில்லை' எனக் கைவினைஞரை அழைத்துப் பொருள் கொடுப்பார், பெரும்பாலும் இவ்வடிகட்டியை அறியாதவரே. மீண்டும் இறுகத் திருகி மூடாவிடின் நீர் ஒழுகும். மேற்கதவு இயந்திரத்தில் தொட்டியின் உட்சுவரிலுள்ள பஞ்சுப் பையைச் சலவைக்குச் சலவை உதறிக் கழுவுதலும், இருதொட்டியுடைய இயந்திரத்தில் பிழியும் தொட்டியின் அடியைக் கழுவி உலர்த்துதலும் அவ்வாறே வேண்டப்படுவன.

திங்கள் ஒருமுறை துணியின்றி வெறுந்தொட்டியையே துவைத்தல் வேண்டும். 'டப் கிளீன்' என்னும் குறி உள்ள பொறியில் அதனையும், இல்லாதவற்றுள் வெந்நீர் வசதியுடையனவற்றில் 60 பாகை அல்லது அதற்கு மேற்பட்ட வெப்பத்தையும் தெரிந்தெடுக்க. வன்னீர் உள்ள ஊரில், சுண்ணாம்புப் படிவை நீக்கும் பொடியையோ, கையேடு உடன்படுமாயின் சிட்ரிக் அமிலத்தையோ இடலாம். அமிலம் கார்பனேட்டைக் கரைத்து நீரோடு அனுப்பிவிடும். ஆறு திங்கட்கு ஒருமுறை குழாயை அடைத்து, நீர் வரும் ரப்பர்க் குழாயைக் கழற்றி, அதன் வாயிலுள்ள சல்லடையில் தங்கிய மணலைக் கழுவுக. நான்கு கால்களும் தரையில் ஒப்ப நிற்கின்றனவா என நோக்குக. அடிப்புறத்தால் எலி புகுந்து கம்பிகளைக் கடித்தல் நம் ஊர்களிற் பெருவழக்காதலின், அங்கே தக்க வலை அமைத்தலும் வேண்டும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. வெளுப்புத் திரவத்தையும் அமிலத்தையும் ஒருங்கே பெய்யற்க. இரண்டும் கூடின் குளோரின் வாயு எழும். அது மூச்சுக்குழலைப் புண்படுத்தும் நஞ்சு. ஒன்றினும் இரண்டு நல்லதென்னும் எண்ணம் இவ்விடத்திற் பொருந்தாது. ஒன்றை இட்டால் அது முற்றும் அலசப்பட்டு நீங்கிய பின்னரே, வேறொரு நாளில், மற்றொன்றை நினைத்தல் வேண்டும்.

நிற்க. பேணாமையால் விளையும் பொருட்கேடு ஒருபுறமிருக்க, உலகிற்கு விளையும் கேடும் உண்டு. டிரம்மைப் பின்னின்று தாங்கும் மூன்று கையுள்ள தாங்கி, பல இயந்திரங்களில் அலுமினியக் கலவையால் ஆயது. சவர்க்காரப் பசை அதன்மேல் ஓயாது தங்குமாயின் அஃது அரிக்கப்பட்டு முறியும். முறிந்தால், சீர்ப்படுத்தும் செலவு மிகுதியெனக் கூறி இயந்திரத்தையே கழித்துவிடுவர். கழித்த பொறி எங்கே செல்லும்? மின்கழிவு பற்றி நம் அரசாங்கம் 2022இல் இயற்றி 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த விதிகளில் சலவை இயந்திரமும் அடங்கும். ஐரோப்பிய ஒன்றியமோ 2021 மார்ச்சு முதல், கதவு வளையம், சோப்புப் பெட்டி போன்ற உறுப்புகளை, அவ்வகை இயந்திரத்தின் விற்பனை நின்றபின்னும் பத்தாண்டுக் காலம் வழங்க வேண்டுமெனத் தன் சந்தையில் விற்பார்க்கு ஆணையிட்டுள்ளது. அரசுகள் இவ்வளவு கருதும்போது, ஐந்து நிமிடத் துடைப்பினால் பொறியின் வாழ்நாளை நீட்டுதல் நமக்கு அரிய செயலோ?

இனித் தலைப்பிற் கண்ட வினாவிற்கு வருவாம். துவைக்கும் பொறியைத் துவைப்பவர் யார்? கடைக்காரரைக் கேட்பின் கைவினைஞர் என்பார். கைவினைஞரைக் கேட்பின் வீட்டார் என்பார். வீட்டாரைக் கேட்பின், அனைவரும் தாயை நோக்குவர். சமைத்து, துலக்கி, துணி திரட்டி, உலர்த்தி, மடித்து வைக்கும் அவ்வம்மையாரே அதனையும் செய்தல் வேண்டுமாம்! இயந்திரம் வந்தமையால் பெண்டிர் உழைப்புக் குறைந்ததென்று மேடையேறிப் பேசும் ஆடவர், அவ்வியந்திரத்தின் உழைப்பையும் அவர் தலைமேலேயே ஏற்றுகின்றனர். விடுதியிலோ நிலைமை இதனினும் இரங்கத்தக்கது. அங்கே பொறி பொதுவுடைமை. ஆதலின் எவரும் உரியவர் அல்லர். நாற்பதுபேர் துணியை வெளுத்த இயந்திரத்தின் வடிகட்டியை ஒருவரும் திறந்ததில்லை எனின், அது நாற்பதின்மருக்கும் இழுக்கேயாம்.

எம் கருத்தைத் தெளிவாகக் கூறுகின்றோம். யாருடைய துணி உட்செல்கின்றதோ அவருக்குக் கடமையும் செல்கின்றது. இதில் ஆண் பெண் என்னும் வேற்றுமையில்லை. கற்றார் கல்லார் என்னும் ஏற்றத்தாழ்வும் இல்லை. 'தேர்வு நெருங்குகின்றது, நேரமில்லை' என்பார் உளர். வடிகட்டியைக் கழுவுதற்கு வேண்டுவது பத்து நிமிடமே. 'கூலி கொடுத்தாற் செய்வார் உளரே' என்பாரும் உளர். கைவினைஞர் பழுதை நீக்குவார். நாள்தோறும் வந்து ரப்பர் வளையத்தைத் துடைப்பாரல்லர். பழுது நீக்குதல் வேறு, பேணுதல் வேறு. 'இஃது எம் தகுதிக்கு ஏற்றதன்று' என்பார்க்கு, ஷேபர் குருவானவரை நினைவூட்டுகின்றோம். இயற்கை நூல்களில் வல்ல அவ்வறிஞர், அழுக்குத் துணி வெளுக்கும் பொறியைப்பற்றி நூலெழுதுதலைத் தமக்கு இழிவென்று கருதவில்லை. நமக்கு மட்டும் அது இழிவாதல் எங்ஙனம்?

ஆதலின் விடுதி மாணவர்க்கு மூன்று செயல்களை வேண்டிக்கொள்கின்றோம். ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் ஒரு குறிப்பேட்டைக் கட்டித் தொங்கவிட்டு, வடிகட்டி கழுவிய நாளையும் வெறுந்தொட்டி துவைத்த நாளையும் கழுவினவர் பெயரோடு எழுதி வருக. அறைவரிசைப்படி முறை வைத்துக்கொள்க. முறையில் எவருக்கும் விலக்களித்தல் வேண்டா. வேதியியல் பயிலும் மாணவர், விடுதி நீரின் கடினத்தன்மையைத் தம் ஆய்வுக்கூடத்தில் அளந்து, அவ்வளவையும் அந்நீருக்கேற்ற சவர்க்கார அளவையும் சுவரில் எழுதி ஒட்டுக. கூடத்திற் கற்ற பாடம் விடுதிக்குப் பயன்படுதற்கு இதனினும் எளிய வழி வேறில்லை. இவற்றைச் செய்தற்கு மேலிடத்து ஆணையும் வேண்டா, பெரும் செலவும் வேண்டா. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், தம் இல்லத்து இயந்திரத்தின் சோப்புப் பெட்டியைத் தாமே கழற்றிக் கழுவித் தம் தாயாரின் ஒருநாட் பணியையேனும் குறைப்பாராக. பட்டம் பெற்ற கைகளுக்கு அதனினும் சிறந்த அணி வேறில்லை என்பது எம் துணிபு.